கலப்பின வண்ண மீன்: அழகும் வித்தும்

நெசவாளர் சங்கங்களிலும் விவசாயக் கடன் சங்கங்களிலும் பொதுச்சபை கூடும் நாட்களில் அண்மைக் காலமாக ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. வண்ண மீன் வளர்ப்பை உபதொழிலாகக் கொள்ளலாமா, அதிலும் கலப்பின மீனுக்கு நல்ல விலை உண்டு என்கிறார்களே, அதற்குச் சங்கம் கடன் தருமா என்பதே அவ்வினா. கேட்பது நியாயமே. தறிக்கு ஆண்டு முழுவதும் ஒரே சீராக நூல் கிடைப்பதில்லை. பருத்திக்கும் உளுந்துக்கும் வானம் ஆண்டுதோறும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. வீட்டுப் பின்கட்டில் நான்கு தொட்டிகளைக் கட்டி, பெண்டிரும் முதியோரும் ஓய்வு நேரத்தில் கவனித்துக் கொள்ளக்கூடிய தொழில் ஒன்று உண்டெனில் அதனை நாடுவது இயல்பு. சென்னையில் கொளத்தூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல குடும்பங்கள் சிமெண்டுத் தொட்டிகளில் வண்ண மீன் வளர்த்தே வாழ்ந்து வருவதை அங்கத்தினர்கள் கேள்வியுற்றிருப்பார்கள்.

ஆயினும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று இருக்கின்றது. கலப்பின மீனின் அழகு அம்மீனோடு நின்றுவிடும். தொழிலின் வேர் அம்மீனிடத்தில் இல்லை, அதனைப் பெற்ற தூய இனங்களிடத்தில் உள்ளது. இதனை அறியாதவர் ஒரு முறை இலாபம் பெற்று இரண்டாம் முறை நட்டப்படுவர். எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் முறையாக விளக்க முற்படுகிறோம்.

கலப்பு என்பது யாது?

வண்ண மீன்கள் எல்லாம் கலப்பினம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஓர் இனத்திற்குள்ளேயே நிறமும் வடிவும் சிறந்தவற்றைத் தலைமுறைதோறும் பொறுக்கியெடுத்து, அவற்றையே இணைத்து, விரும்பிய உருவத்தை நிலைபெறச் செய்தல் ஒரு முறை. அதற்குத் தேர்ந்தெடுத்தல் என்று பெயர். சீன தேசத்துக் கெண்டை வகை ஒன்றிலிருந்து தங்கமீன் தோன்றியது இவ்வாறே. ஜப்பானில் நீகாட்டாப் பகுதியின் மலைக்கிராமத்து நெல் உழவர்கள், உணவுக்கென வளர்த்த சாதாக் கெண்டையில் நிறம் மாறிப் பிறந்தவற்றைத் தனியே காத்து, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கிக் 'கோய்' என்னும் வண்ணக் கெண்டையை உருவாக்கினர். 1914-ஆம் ஆண்டில் டோக்கியோ கண்காட்சியில் அவை வைக்கப்பட்ட பிறகே வெளியுலகம் அவற்றை அறிந்தது. இவ்விரண்டிலும் அழகு வந்தது பொறுமையான தேர்வினால்.

இரு வேறு இனங்களை இணைத்துப் புதியதொன்றைப் பெறுதல் மற்றொரு முறை. இதுவே கலப்பு. நம் ஜில்லாவின் பத்தமடைப் பாயை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பாவுக்குப் பருத்தி நூல், ஊடுக்குக் கோரை. இரண்டும் வெவ்வேறு பொருள்கள். சேர்ந்தபோது இரண்டிலும் இல்லாத மென்மையும் உறுதியும் ஒருங்கே அமைகின்றன. ஆனால் ஒரு பாயிலிருந்து மற்றொரு பாய் பிறப்பதில்லை. அடுத்த பாய் வேண்டுமானால் மீண்டும் நூலும் கோரையும் வேண்டும். கலப்பின மீனும் ஏறக்குறைய அத்தகையதே.

பயிர் செய்யும் அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1970-ஆம் ஆண்டில் குஜராத்தின் சூரத் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 என்னும் வீரிய ஒட்டுப் பருத்தி வெளியிடப்பட்டது. வாணிப அளவில் பயிரிடப்பட்ட ஒட்டுப் பருத்திகளில் உலகிலேயே முதலாவது அதுவே. ஒட்டு விதையில் விளைந்த பருத்தியின் கொட்டையை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால் செடிகள் ஒன்றுபோல் வருவதில்லை என்பதைக் கரிசல் காட்டு விவசாயி அனுபவத்தில் அறிவார். அதனாலன்றோ ஒட்டு விதையை ஆண்டுதோறும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கின்றது. மீனுக்கும் அதே விதிதான்.

குட்டி ஈனும் மீன்களில் கலப்பு

தொழிலைப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றவை குட்டி ஈனும் மீன்கள். இவற்றுள் சுவார்ட்டெயில் என்னும் வாள்வால் மீனும் பிளாட்டி என்னும் குட்டையான மீனும் கலப்புக்குப் பெயர் பெற்றவை. இரண்டும் மெக்சிகோவையும் அதனை அடுத்த மத்திய அமெரிக்க நாடுகளையும் தாயகமாகக் கொண்டவை. காட்டு வாள்வால் மீன் பெரும்பாலும் பச்சை நிறம் உடையது. கடைகளில் நாம் காணும் செந்நிற வாள்வால் மீன்கள், பிளாட்டியின் நிறத்தைக் கலப்பின் வழியே வாங்கிக்கொண்டவை. இன்று அங்காடியில் விற்கப்படும் இவ்விரு வகை மீன்களுள் பெரும்பாலானவற்றில் இரண்டின் குருதியும் கலந்தே உள்ளது.

இணைக்கும் முறை வருமாறு. முதலாவதாக, பெண்மீன் ஆணோடு சேராததாய் இருத்தல் வேண்டும். இம்மீன்களின் பெண், ஒரு முறை பெற்ற ஆண் வித்தைத் தன் உடலில் பல மாதங்கள் காத்து வைத்து, அடுத்தடுத்துப் பல ஈற்றுகளுக்குப் பயன்படுத்தும் இயல்புடையது. ஆகவே கடையில் வாங்கிய வளர்ந்த பெண்மீனை வேறு ஆணுடன் விட்டு, பிறந்த குட்டிகளைக் கலப்பு என்று கருதுவது ஏமாற்றத்தில் முடியும். குட்டிகள் ஐந்தாறு வாரம் வளர்ந்ததும் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். ஆணின் அடித்துடுப்பு ஒடுங்கிக் குச்சிபோல் ஆகத் தொடங்கும். பெண்ணுக்கு அது விசிறிபோலவே இருக்கும். இதுவே அடையாளம்.

இரண்டாவதாக, ஒரு தொட்டியில் ஓர் இனத்தின் ஆணையும் மற்றோர் இனத்தின் பெண்கள் இரண்டு மூன்றையும் மட்டுமே விடவேண்டும். தன் இனத்துத் துணை அருகில் இருப்பின் மீன் பெரும்பாலும் அதனையே நாடும். கருவுற்ற பெண் ஏறக்குறைய நான்கு வாரங்களில் குட்டி போடும். தாயே குட்டிகளைத் தின்றுவிடும் ஆதலால், வேலம்பாசியை அடர்த்தியாகப் போட்டு வைத்தால் குட்டிகள் அதனுள் ஒதுங்கிப் பிழைக்கும். ஈன்றபின் தாயை வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம்.

இவ்வாறு பிறக்கும் முதல் தலைமுறை வீரியமாகவும் பெரும்பாலும் ஒரே தோற்றமுடையதாகவும் இருக்கும். இனப்பெருக்கம் செய்யவும் வல்லது. நிறத்தை வாள்வால் மீனுக்கு மாற்ற விரும்புவோர், இம்முதல் தலைமுறையில் செந்நிறம் மிக்கதை மீண்டும் தூய வாள்வால் மீனுடன் இணைப்பர். அதன் குட்டிகளில் செந்நிறமானவற்றைப் பொறுக்கி மறுபடியும் தூய வாள்வாலுடன் இணைப்பர். இவ்வாறு சில தலைமுறைகள் சென்றபின் உடல் வாள்வாலாகவும் நிறம் பிளாட்டியாகவும் அமையும். இதற்கு மீள்கலப்பு என்று பெயர். ஒவ்வொரு படியிலும் தூய வாள்வால் மீன் கையிருப்பில் இருந்தாலன்றி இவ்வேலை நடவாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முட்டையிடும் மீன்களில் கலப்பு

அங்கத்தினர்கள் அதிகம் கேட்பது பிளவர்ஹார்ன் என்னும் மீனைப் பற்றியே. நெற்றியில் பெரிய மேடும், பக்கவாட்டில் எழுத்துப் போன்ற கரும்புள்ளிகளும் கொண்ட மீன் இது. இயற்கையில் எந்த ஆற்றிலும் இது தோன்றியதில்லை. மத்திய அமெரிக்காவின் சிக்லிட் என்னும் குடும்பத்து மீன்கள் பலவற்றைக் கலந்து, 1990-களில் மலேசியாவில் வளர்ப்போர் இதனை உருவாக்கினர். நெற்றி மேடு செல்வம் தரும் என்ற நம்பிக்கை சீனரிடையே பரவி விலையை ஏற்றியது. பின்னர் நம் நாட்டிலும் அதற்கு வாஸ்து மீன் என்று பெயர் சூட்டி விற்றனர். நம்பிக்கையைப் பற்றி நாம் தீர்ப்புக் கூறவேண்டியதில்லை. தொழிலைப் பற்றி மட்டும் கூறுவோம்.

ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்த ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் இட்டு, நடுவே வலைத் தடுப்பு அமைக்க வேண்டும். இம்மீன் மிகுந்த சினமுடையது. தடுப்பின்றி விட்டால் வலியது மெலியதைக் கொன்றுவிடும். பெண் முட்டையிடும் தறுவாயில் தட்டையான கல்லையோ ஓட்டையோ தூய்மை செய்யத் தொடங்கும். அப்போது தடுப்பை எடுத்து, அருகிலிருந்து கவனிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான முட்டைகளைக் கல்லின்மேல் வரிசையாக ஒட்டி வைக்கும். ஆண் பின்தொடர்ந்து வித்திடும். நீர் 28 டிகிரி வெப்பத்தில் இருந்தால் ஏறக்குறைய மூன்று நாளில் பொரிக்கும். மேலும் நாலைந்து நாள் கழித்துக் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அதன்பின் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ப் பூச்சியின் இளங்குஞ்சுகளை உணவாக அளிப்பர்.

சொல்லக் கேட்டால் இது எளிதாகவே தோன்றும். இடர் வேறிடத்தில் உள்ளது. இக்கலப்பினத்தின் ஆண் மீன்களில் பல மலடு. முட்டைகள் எல்லாம் இரண்டு நாளில் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். எந்த ஆண் மலடு என்பது நிறத்தைக் கண்டு தெரிவதன்று. இணைத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. நெற்றி மேடு பெரிதாயிருப்பது வித்து நன்றாயிருப்பதற்கு அடையாளமன்று. வித்துடைய ஆண் அமைந்தாலும், குஞ்சுகளுள் சிலவே மேடும் நிறமும் பெற்று உயர்ந்த விலைக்குப் போகும். எஞ்சியவை மங்கலாகவே நின்றுவிடும். அவற்றைப் பல மாதம் தீனியிட்டு வளர்த்த பின்னரே தரம் தெரியும்.

பிளட் பேரட் என்னும் கிளிமூக்கு மீனின் நிலை இதனினும் தாழ்ந்தது. 1980-களில் தைவானில் இரு சிக்லிட் இனங்களைக் கலந்து பெற்ற மீன் இது. செம்மஞ்சள் நிறமும் உருண்டை வடிவும் உடையது. ஆனால் வாய் செவ்வையாக மூடாது. தொண்டையிலுள்ள பற்களால் இரையை நசுக்கி உண்கின்றது. ஆண்களில் பெரும்பான்மை மலடு. பெண் முட்டையிட்டும் பயனில்லை. உயிர் முழுவதும் ஊனத்தோடு வாழவேண்டிய ஒன்றை அழகுக்காகப் பிறப்பிக்கலாமா என்று மேனாடுகளில் பலர் இதனை எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு நியாயமானதே என்பது நமது கருத்து.

இரண்டாம் தலைமுறை காட்டும் பாடம்

முதல் தலைமுறைக் கலப்பினத்தின் ஆணையும் பெண்ணையும் தமக்குள் இணைத்தால் என்ன நேரும்? பெற்றோரின் குணங்கள் பிரிந்து, பலவாறு கலைந்து வரும். ஒன்று பாட்டன்போலவும், ஒன்று பாட்டிபோலவும், பல இரண்டுங்கெட்டனவாகவும் இருக்கும். வியாபாரி கேட்பது ஒரே தரமான நூறு மீன். இத்தொட்டியிலிருந்து பத்துக்கூட அவ்வாறு பொறுக்க இயலாது போகலாம்.

நிறத்தோடு நோயும் வருவதுண்டு. இதற்கு விஞ்ஞான உலகில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, மேலே கூறிய வாள்வாலும் பிளாட்டியுமே. 1920-களின் இறுதியில் அமெரிக்கரான மைரன் கார்டனும் ஜெர்மானியரான குர்ட் கோஸ்விக்கும் தனித்தனியே இதனை ஆராய்ந்தனர். சில பிளாட்டி மீன்களின் துடுப்பில் பெரிய கரும்புள்ளிகள் உண்டு. அவற்றால் பிளாட்டிக்கு யாதொரு தீங்கும் இல்லை. அத்தகைய பிளாட்டியை வாள்வாலுடன் கலந்தபோது குட்டிகளில் கருமை மிகுந்தது. அக்குட்டிகளைத் தூய வாள்வாலுடன் மீள்கலப்புச் செய்தபோது, பிறந்தவற்றில் ஏறத்தாழப் பாதிக்குப் புள்ளி இல்லை. கால்பங்குக்குக் கருமை மிகுதி. எஞ்சிய கால்பங்குக்குக் கரும்புற்று முற்றி உயிரைக் குடித்தது.

காரணம் இதுதான். கருமையை உண்டாக்கும் மரபுக்கூறும் அதனைக் கட்டுக்குள் வைக்கும் மரபுக்கூறும் பிளாட்டியிடம் ஒருங்கே உள்ளன. வாள்வாலிடம் அக்கட்டு இல்லை. மீள்கலப்பில் கருமை தங்கிவிட, கட்டு மட்டும் நழுவிப் போகின்றது. கடிவாளம் அறுந்த குதிரைபோல் அந்நிறம் உடலெங்கும் பாய்கின்றது. புற்றை விளைக்கும் அக்கூறு எது என்பதை 1989-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கண்டறிந்தனர். செந்நிறத்தை நமக்குத் தந்த அதே மீள்கலப்பு, கரும்புள்ளியில் நோயைத் தருகின்றது. ஆதலால் பெரிய கரும்புள்ளியுடைய பிளாட்டியை வாள்வாலுடன் இணைத்தலை வளர்ப்போர் தவிர்ப்பதே நலம்.

உணவு மீனிலும் இப்பாடத்தை நம் நாடு கற்றிருக்கின்றது. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒரிசாவில் ஹீராலால் சவுதுரியும் கே. எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அந்நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. இம்முறையினால் கட்லாவையும் ரோகுவையும் கலப்பதும் எளிதாயிற்று. இக்கலப்பினம் மலடன்று. ஆகவே, கவனமில்லாத பண்ணைகளில் கலப்பின மீன்களே தாய்மீன்களின் கூட்டத்தில் புகுந்துவிட, தூய ரோகு என்று வாங்கிய குஞ்சு தூயதாக இல்லாத நிலை பல இடங்களில் ஏற்பட்டது. வித்து ஒரு முறை கலங்கினால் தெளிவது அரிது.

தொட்டியும் நீரும்

நெசவாளரும் விவசாயிகளும் தத்தம் தொழிலை ஒட்டிக் கவனிக்க வேண்டுவன சில உள. சாயப் பட்டறை நீர் ஒரு துளியும் மீன்தொட்டியை அணுகலாகாது. சாயம் ஏற்றப் பயன்படும் ஹைட்ராஸ் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். காஸ்டிக் சோடா செவுளை அரித்துவிடும். சாயம் அலசிய வாளியில் மீனுக்கு நீர் மொள்ளுதலும் கூடாது. அவ்வாறே, பூச்சிமருந்து கலக்கிய பீப்பாயை எத்துணை கழுவினாலும் மீனுக்குப் பயன்படுத்தலாகாது. பருத்திக்குத் தெளிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்ல வல்லவை.

குழாய் நீரில் குளோரின் உண்டு; ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பிராணவாயு குறைவு. இரண்டையும் ஒரு நாள் திறந்த தொட்டியில் வெயில்பட வைத்துப் பின்னர் வார்க்க வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வைகாசி வெயிலுக்குத் தொட்டிமேல் பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்து நிழல் செய்தல் இன்றியமையாதது.

நெசவாளர் வீட்டில் கழிவாகப் போகும் பொருள் ஒன்று இத்தொழிலில் பயன்படும். பாசியில் முட்டையைச் சிதறும் மீன்களுக்கு, செயற்கை இழை நூலைக் குஞ்சம் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டால் முட்டைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். குஞ்சத்தோடு எடுத்து வேறு தொட்டியில் பொரிக்க வைக்கலாம். பருத்தி நூல் அழுகும். சாயம் கக்கும் நூல் நஞ்சாகும். சாயம் விடாத நைலான் நூலே ஏற்றது.

சங்கம் செய்ய வேண்டுவது

இனி, தலையாய விஷயத்திற்கு வருவோம். கலப்பினத் தொழில் நிலைக்கத் தூய இனங்கள் வேண்டும் என்றோம். ஒரு குடும்பம் தனித்து நின்று அவற்றைக் காக்க இயலுமா? ஓர் இனத்திற்கு ஒரு தொட்டி என்று வைத்தால், சில ஈற்றுகளுக்குள் உடன்பிறந்தவை தமக்குள்ளேயே இணையத் தொடங்கும். உடன்பிறந்தவை ஒரு முறை இணைந்தாலே, சந்ததியின் மரபு வேற்றுமையில் கால்பங்கு குறைந்துவிடுகின்றது. தலைமுறை செல்லச் செல்ல மீன் சிறுக்கும். வளைந்த முதுகும் குறைந்த ஈற்றும் காணும். வேற்றுத் தொட்டியிலிருந்து அதே இனத்துப் புதுக் குருதி வருதல் வேண்டும். அதற்கு அண்டை வீட்டாரிடமும் அதே தூய இனம் இருத்தல் வேண்டும்.

இங்கேதான் கூட்டுறவு தொழிலுக்கு உயிராக அமைகின்றது. பத்து அங்கத்தினர் சேர்ந்தால், நால்வர் தூய வாள்வாலையும் பிளாட்டியையும் தனித்தனியே காக்கலாம். இருவர் கலப்புத் தொட்டிகளை நடத்தலாம். எஞ்சியோர் குட்டிகளை வாங்கி வளர்த்து விற்பனைக்கு ஆக்கலாம். தூய இனம் காப்போர் ஆண்டுக்கு ஒரு முறை ஆண் மீன்களைத் தமக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். தூய இனத்தைக் காப்பவருக்கு உடனடி வருவாய் குறைவு. ஆகவே விற்பனை வருவாயில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்கும்படி முதல் கூட்டத்திலேயே தீர்மானம் செய்து கொள்ளல் நன்று. இவ்வொரு தீர்மானம் இல்லாவிடில், எல்லோரும் கலப்பு மீனையே வளர்க்க முற்பட்டு, வித்தைக் காப்பார் எவருமின்றிப் போவர்.

அடுத்து, ஏடு. ஒவ்வொரு தொட்டிக்கும் எண்ணிட்டு, தாய், தந்தை, இணைத்த நாள், ஈன்ற நாள், பிறந்தவை, பிழைத்தவை ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். நெசவாளர் சங்கத்தில் நூல் கொடுத்த கணக்கும் துணி வாங்கிய கணக்கும் எவ்வளவு அவசியமோ, இங்கு வம்சக் கணக்கு அவ்வளவு அவசியம். நிறம் ஏமாற்றும், ஏடு ஏமாற்றாது.

கடன் கோருவோரிடமும் கொடுப்போரிடமும் ஒரு வார்த்தை. ஓர் இணை பிளவர்ஹார்ன் மீனின் விலையை முதலீடாகக் காட்டி, அதன் குஞ்சுகள் அனைத்தும் உயர்ந்த விலைக்கு விற்கும் எனக் கணக்கிட்ட விண்ணப்பங்களை நாம் கண்டதுண்டு. அக்கணக்கில் மலட்டு ஆணுக்கும், மேடு பெறாத குஞ்சுக்கும், தீனிச் செலவுக்கும் இடமில்லை. நிர்வாகக் கமிட்டியார் அத்தகைய விண்ணப்பத்தில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இணை முன்னர் குஞ்சு பொரித்ததுண்டா? தரமற்ற குஞ்சுகளை என்ன செய்வீர்? மீன் விற்பனைக்கு வரும்வரை தவணைக்கு வழி என்ன? மூன்றுக்கும் தெளிவான விடையிருப்பின் கடன் கொடுப்பதில் பிழையில்லை. 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுப் பின்கட்டு வண்ண மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் அலகுச் செலவாக வகுக்கப்பட்டு, பொதுப் பிரிவினருக்கு நூற்றுக்கு 40, பெண்டிருக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் நூற்றுக்கு 60 மானியமாக அனுமதிக்கப்பட்டது. மானியம் தொட்டியைக் கட்டித் தரும். வித்தை அறிந்துகொள்வது நம் பொறுப்பு. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கின்றது. தொட்டி கட்டுமுன் அங்கும் மீன்துறை அலுவலகத்திலும் ஆலோசனை பெறுதல் அறிவுடைமை.

ஆற்றுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை

தரமற்ற குஞ்சுகளை என்ன செய்வீர் என்ற கேள்வி சங்கத்தின் பணத்தோடு முடிவதன்று. விலை போகாத மீனைக் கொல்ல மனமின்றி ஆற்றில் விட்டுவிடுவோர் உண்டு. இரக்கத்தால் செய்யும் இச்செயல் பெருந்தீங்காக முடியும். கங்கைகொண்டானில் ஒரு தொட்டி மீனைச் சிற்றாற்றில் கவிழ்த்தால், சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் இடத்தை அடைய அதற்கு அதிக நாள் ஆகாது. அங்கிருந்து கால்வாய்களும் குளங்களும் எல்லாம் அதற்குத் திறந்த வீடே.

வெளிநாட்டு மீன் ஒன்று பரவினால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஜிலேபிக் கெண்டை என்று நாம் அழைக்கும் திலாப்பியா 1952-ஆம் ஆண்டில்தான் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. உணவுக்கென நல்லெண்ணத்தோடு கொண்டுவந்த அம்மீன் இன்று தமிழ்நாட்டுக் குளங்களில் எங்கும் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிளவர்ஹார்னும் அவ்வாறு செய்ய வல்லது என்பதற்கு இந்தோனேசியாவே சான்று. சுலாவெசித் தீவின் மத்தானோ ஏரியில், உலகில் வேறெங்கும் இல்லாத சிறு மீன்கள் வாழ்கின்றன. அவ்வேரியில் யாரோ விட்ட பிளவர்ஹார்ன் பெருகி, அவற்றின் வாழ்வுக்கே அச்சுறுத்தலாகியுள்ளது. ஆண்களில் பல மலடு என்றோமே, எவ்வாறு பெருகிற்று எனலாம். பல மலடு என்பது எல்லாம் மலடு என்பதாகாது. வித்துடைய சில போதும்.

நம் ஆற்றிலும் அத்தகைய தனிச்செல்வம் உண்டு. முதுகுத் துடுப்பில் நீண்ட இழைகளும் உடலில் கரும்பட்டைகளும் கொண்ட சிறு கெண்டை வகை ஒன்றை 1954-ஆம் ஆண்டில் ஈ. ஜி. சைலஸ் என்னும் விஞ்ஞானி விவரித்து, அதற்குத் தாமிரபரணியின் பெயரையே இட்டார். இந்நதிப் படுகைக்கே உரிய மீன் அது. மேனாட்டார் கண்ணாடித் தொட்டியில் விரும்பி வளர்க்கும் அழகுடையது. நம் ஆற்றின் பெயரைத் தாங்கிய மீனை நாம் அறியாமல், மலேசியாவில் கலந்த மீனுக்குக் கடன் வாங்குகிறோம். அதற்காக அதனை ஆற்றில் வலைவீசிப் பிடித்து விற்கலாம் என்று எவரும் எண்ண வேண்டா. மேற்கே அதன் வாழிடங்கள் சில களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் உள்ளன. அங்கே பிடித்தல் குற்றம். எங்கே பிடித்தாலும் ஆறு வறுமையடையும். மீன்துறை, கல்லூரி ஆகியவற்றின் வழியே முறையாகப் பெற்ற தாய்மீன்களைத் தொட்டியில் பெருக்கி, வேறு கெண்டையுடன் கலவாமல் தூயதாக வளர்த்து விற்க இயலுமாயின், அதுவே தாமிரபரணிக் கரையின் சங்கங்களுக்குப் பெருமையும் வருவாயும் தரும் வழியாகும்.

விலைபோகாத கலப்பின மீனைச் சங்கத்தின் பொதுத்தொட்டி ஒன்றில் வைத்துப் பள்ளிகளுக்கும் பிள்ளைகளுக்கும் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். தொட்டி நீர் வெளியேறும் குழாய்க்கு நெருங்கிய வலை கட்டி, அந்நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்ச வேண்டும், ஓடையில் விடலாகாது. எந்தக் காரணத்தாலும் ஆற்றிலோ குளத்திலோ மீனை விடுவதில்லை என்ற விதியை, கடன் ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தாகவே சங்கங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

கலப்பைப் பழிப்பது நமது நோக்கமன்று. அறிவோடு செய்த கலப்பு கண்ணுக்கு இனியது, கைக்குப் பயனுள்ளது. ஆனால் வித்தைக் காக்காமல் விளைவை மட்டும் நாடும் தொழில், பாவு ஓடாமல் ஊடு போட முற்படும் தறியை ஒக்கும். வண்ண மீன் தொழிலில் இறங்க விரும்பும் அங்கத்தினர்கள் முதலில் தூய இனத்திற்கு ஒரு தொட்டியும் வம்சக் கணக்குக்கு ஓர் ஏடும் ஏற்படுத்திக் கொள்வார்களாக. தனித்து முயல்வதை விட்டு, நால்வர் பதின்மராகச் சேர்ந்து தொடங்குவார்களாக. அவ்வாறு தொடங்கும் சங்கங்களில் கடனும் வசூலாகும். சிற்றாறும் பழுதின்றி ஓடும்.